எடை போடாமல் கொடுத்த வெள்ளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். என்னையும் சேர்த்து மூன்று பேர். கொலுசுப் பட்டறைக்காரர்கள், லீ பஜார் மொத்த வியாபாரிகள், ஆத்தூர் பக்கம் இரண்டு சேகோ (ஜவ்வரிசி) மில்கள், இவர்கள்தான் எங்களுக்கு வேலை கொடுப்பவர்கள். ஏஐ வந்தால் வேலை போகுமா, போகாதா என்று ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறது. அந்த ஏஐக்கு மாதா மாதம் எவ்வளவு கட்டுகிறோம், அதை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பதைப் பற்றி யாரும் பேசக் காணோம். சென்ற டிசம்பரில் ஒரே இரவில் என் கார்டிலிருந்து 17,900 ரூபாய் போனது. எப்படிப் போனது என்பதை எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்களும், கல்லூரிப் பிள்ளைகளைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2006இல் நான் விஷுவல் பேசிக் 6இல் எழுதிய பட்டறைக் கணக்கு இன்னும் பதினேழு பட்டறைகளில் ஓடுகிறது. எந்தத் தொழிலாளிக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், என்ன டச்சு (வெள்ளியின் சுத்தம்), திரும்பி வந்த கொலுசு எத்தனை கிராம், சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பார்ப்பதுதான் அதன் வேலை. எலக்ட்ரானிக் தராசிலிருந்து கேபிள் வழியாக எடையை நேராகப் படித்துக்கொள்ளும். விஷுவல் பேசிக் 6ஐ மைக்ரோசாஃப்ட் 2008இலேயே கைவிட்டுவிட்டது. அது ஓடுகிற பழைய கம்ப்யூட்டர்களும் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருக்கின்றன. மொத்தம் பதினான்காயிரம் வரிகள். புதிதாக எழுத ஆறு மாதமாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். எங்கள் கடைத் தம்பிதான், "கோடிங் அசிஸ்டன்ட் ஒண்ணு எடுத்துக் குடுங்கக்கா, ரெண்டு மாசத்துல முடிச்சிரலாம்" என்றான். நாம் சொல்வதைக் கேட்டு நிரலைப் படித்து, எழுதி, ஓட்டியும் பார்க்கும் ஏஐ கருவி அது. மாதம் 20 டாலர் திட்டம் ஒன்றை என் கார்டில் எடுத்துக் கொடுத்தேன்.

அவன் சொன்னது பொய்யில்லை. நான் 2006இல் அவசரத்துக்கு வைத்த அரைகுறைப் பெயர்களை எல்லாம் அது படித்துப் புரிந்துகொண்டது. சேதாரத்தை மூன்றாவது தசமத்தில் முழுமையாக்கும் இடத்தில் ஒரு தப்பு இருப்பதை முதல் வாரத்திலேயே எடுத்துக் காட்டியது. பத்தொன்பது வருடமாக என் கண்ணில் படாத தப்பு அது. வெள்ளி கிலோ இரண்டு லட்சத்தைத் தாண்டிப் போன வருடத்தில், அந்த மூன்றாவது தசமம் ஒரு தொழிலாளியின் கையில் போய்ச் சேர வேண்டிய காசு. அதனால் இந்தக் கருவியை வேண்டாம் என்று சொல்ல நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. இன்றும் அதை வைத்துத்தான் வேலை செய்கிறோம்.

தம்பிக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வீடு. டிசம்பர் காப்பிப் பழம் பறிக்கிற சமயம். அவன் அம்மா எஸ்டேட்டுக்குப் போய்விட்டால் பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று பத்து நாள் மேலே இருந்தே வேலை பார்த்தான். பகலில் அங்கே நெட் சரியாக எடுக்காது என்பதால், இரவு பத்து மணிக்கு அசிஸ்டன்டிடம் "எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகிற வரைக்கும் சரிசெய்துகொண்டே இரு" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான். டெஸ்ட் என்பது நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சோதிக்கும் சின்ன நிரல். அவற்றில் ஒன்று தராசிலிருந்து எடையைப் படிக்க வேண்டும். தராசு என் கடை மேசையில், கரண்ட் பிடுங்கி வைத்தபடி இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. அந்த டெஸ்ட் எப்படிப் பாஸ் ஆகும்?

அது முயற்சி செய்துகொண்டே இருந்திருக்கிறது. தராசின் கேபிள் சேரும் போர்ட்டின் எண்ணை மாற்றியது, தராசோடு பேசும் பகுதியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியது, அப்புறம் வேறொரு விதமாக எழுதியது. ஒவ்வொரு தடவையும் எல்லா டெஸ்ட்டையும் ஓட்டி, விடையைப் படித்து, மறுபடி முதலிலிருந்து. 11.40 மணிக்குத் திட்டத்தில் உள்ள பயன்பாட்டு அளவு தீர்ந்துவிட்டது. அதோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் பதிவு செய்த நாளில், "வேலை தடைபடாமல் தொடர" என்று ஒரு கட்டம் வந்தபோது அதில் டிக் போட்டவள் நான். அந்தக் கட்டத்தின் அர்த்தம், அளவு தீர்ந்த பிறகு, ஓடுகிற வேலைக்கு ஏற்பக் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது. இந்தக் கணக்கு டோக்கன் என்ற அலகில் ஓடுகிறது. எச்சரிக்கை மெயில் மூன்று வந்திருந்தன, மூன்றும் நடுராத்திரிக்கு மேல். விடிகாலை ஆறே காலுக்கு எழுந்து பார்த்துவிட்டுப் போன் போட்டேன். தம்பி தூக்கக் கலக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஓடிட்டேதான் இருக்குதுங்க்கா" என்றான்.

162 டாலர். டாலர் 90 ரூபாய்க் கணக்கில் 14,580. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அப்புறம் கார்டு கம்பெனியின் அந்நியச் செலாவணிக் கட்டணம், அதற்கும் ஒரு ஜிஎஸ்டி. அவனுடைய மாதச் சம்பளம் 18,000.

அவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னவர்கள் உண்டு. நான் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்ல எங்கள் ஊர்த் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா சிவதாபுரத்தில் ஒரு பட்டறையில் முப்பது வருடம் கொலுசு செய்தவர். அங்கே வெள்ளியை யாரும் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. எடை போட்டுக் கொடுப்பார்கள், எடை போட்டுத்தான் திரும்ப வாங்குவார்கள். கம்பி இழுக்கும்போதும், பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும்போதும், மெருகு போடும்போதும் கொஞ்சம் போகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கிலோவுக்கு எவ்வளவு சேதாரம் என்பதை வெள்ளி கை மாறுவதற்கு முன்பே பேசி நோட்டில் எழுதிவிடுவார்கள். அதற்குள் வந்தால் கேள்வி இல்லை, தாண்டினால்தான் தொழிலாளி பதில் சொல்ல வேண்டும். பட்டறைத் தரையைக் கூட்டிய தூசியைக்கூட உருக்கி வெள்ளி எடுப்பார்கள். அந்தத் தொழிலுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிற நான், என் கடைப் பையனிடம் சேதாரம் எவ்வளவு என்று பேசாமலே கார்டைக் கொடுத்திருக்கிறேன். இந்த இரவுக்கு இவ்வளவுதான், அதற்கு மேல் போனால் நிறுத்து என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாத வரம்பைத் தாண்டினான் என்று அவன் மேல் எப்படிக் குற்றம் சொல்வது?

டோக்கன் என்றால் என்ன என்று எங்கள் வாடிக்கையாளர்கள் பலர் கேட்டார்கள். எழுத்துக்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி எண்ணுவதுதான் டோக்கன். நாம் அனுப்புவதற்கு ஒரு விலை, அது எழுதித் தருவதற்கு ஒரு விலை. உதாரணத்துக்கு, ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2025இல் வெளியிட்ட கிளாட் சானெட் 4 என்ற ஏஐ மாடலுக்குப் பத்து லட்சம் டோக்கன் அனுப்ப 3 டாலர், எழுதி வாங்க 15 டாலர் என்று விலை வைத்தது. அதே வருடம் வந்த சின்ன மாடலான ஹைக்கூ 4.5க்கு 1 டாலர், 5 டாலர். மூன்றில் ஒரு பங்கு. வரி மாற்றுவது, பெயர் திருத்துவது மாதிரி சாதாரண வேலைக்கெல்லாம் சின்ன மாடலே போதும் என்பதை நாங்கள் டிசம்பருக்குப் பிறகுதான் சோதித்துப் பார்த்தோம்.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த அசிஸ்டன்ட் முன்பு பேசியதைத் தானாக ஞாபகம் வைத்திருப்பதில்லை. நாம் "சரி, அடுத்தது" என்று இரண்டு வார்த்தை போட்டால், அதுவரை நடந்த மொத்தப் பேச்சும், அது படித்த கோப்புகளும் மறுபடி மேலே போகின்றன. கொலுசில் ஒரு சலங்கை கூட்டும்போதெல்லாம் முழுக் கொலுசையும் புதிதாக எடை போட்டுக் காசு வாங்குவது மாதிரி. பேச்சு ஒன்றரை லட்சம் டோக்கனுக்கு வளர்ந்துவிட்டால், மேலே சொன்ன 3 டாலர் விலையில் ஒவ்வொரு "சரி"க்கும் 45 சென்ட், அதாவது நாற்பது ரூபாய். சற்று முன்பு அனுப்பியதையே திரும்ப அனுப்பினால் பத்தில் ஒரு பங்கு விலைதான் என்று ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் ஆந்த்ரோபிக்கில் அது வழக்கமாக ஐந்து நிமிடத்துக்குத்தான் தாங்கும். எங்கள் டெஸ்ட் ஒரு சுற்று ஓட ஏழு நிமிடம். எங்கள் அசிஸ்டன்டிலும் இதே மாதிரிதான் நடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் சலுகை காலாவதியாகி, முழு விலையில் ஆரம்பித்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மனவருத்தம் தந்தது. தமிழில் எழுதிக் கேட்டால் அதே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன் ஆகிறது. எங்கள் நிரலில் விளக்கங்களை எல்லாம் தமிழில்தான் எழுதி வைத்திருந்தோம். காசுக்காக அவற்றை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டிருக்கிறோம்.

அளவு எப்போது தீரும் என்பதும் நிலையாக இருப்பதில்லை. ஆந்த்ரோபிக்கின் கோடிங் அசிஸ்டன்டான கிளாட் கோடில் முதலில் ஐந்து மணி நேரத்துக்கு ஓர் அளவு இருந்தது. 2025 ஆகஸ்ட் 28 முதல் வாரத்துக்கும் ஓர் அளவு வந்தது. இன்னொரு கோடிங் அசிஸ்டன்டை விற்கும் கர்சர் நிறுவனம் 2025 ஜூனில், மாதம் 500 கோரிக்கை என்று இருந்த 20 டாலர் திட்டத்தை, 20 டாலர் மதிப்புள்ள பயன்பாடு என்று மாற்றியது. எதிர்பாராத பில் வந்தவர்கள் கொதித்துப் போனார்கள். ஜூலை 4ஆம் தேதி நிறுவனமே மன்னிப்புக் கேட்டு, அந்த இடைப்பட்ட நாட்களில் வந்த எதிர்பாராத தொகையைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. இதே வகைக் கருவியான கிட்ஹப் கோபைலட் 2025இல் 10 டாலர் திட்டத்துக்கு மாதம் 300 உயர்ரகக் கோரிக்கை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 சென்ட் என்று வைத்தது. என்னைக் கேட்டால் எண்ணிப் பார்க்க முடிகிற கணக்கே சின்னக் கடைக்கு நல்லது. எத்தனை டோக்கன் ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல என்னால் முடியாது. எத்தனை தடவை கேட்பேன் என்று சொல்ல முடியும்.

நம் வீடுகளில் கரண்ட் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எகிறும் என்று பாட்டிமாருக்குக்கூடத் தெரியும். மீட்டர் வாசலில் இருக்கிறது, விலை ரூபாயில் இருக்கிறது, ஃபேனை நிறுத்து என்று சத்தம் போட ஆளிருக்கிறது. இந்தக் கருவிகளின் மீட்டர் அமைப்புப் பக்கத்தில் மூன்று படி உள்ளே, டாலரில் இருக்கிறது.

அதனால் நான் கேட்பது இதுதான். எச்சரிக்கை மெயில் போதாது. நாங்கள் ரூபாயில் ஒரு வரம்பு சொன்னால், அதைத் தொட்டதும் வேலை பாதியில் கிடந்தாலும் சரி, நின்றுவிட வேண்டும். கூடுதல் பயன்பாடு என்பது ஆரம்பத்தில் அணைந்தே இருக்க வேண்டும். வேண்டும் என்பவர் எவ்வளவு என்று எண்ணை எழுதித்தான் திறக்க வேண்டும், வெறும் டிக் போதாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் பட்டியலிட்டுள்ள பதின்மூன்று வகைகளில், சந்தாவிலிருந்து எளிதில் வெளியேற விடாத சந்தாப் பொறியும் உண்டு, மென்பொருள் சேவைகளின் தொடர் பில் முறையும் உண்டு. இந்தியாவில் சேவை விற்கும் தளங்கள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். வரம்பு இல்லாத கூடுதல் பயன்பாட்டையும் அதன் கீழ் வெளிப்படையாகக் கொண்டுவர வேண்டும். நான் வியாபாரத்துக்கு வாங்கியவள், எப்படியோ சமாளித்தேன். மாணவர்கள் நுகர்வோர்கள், அவர்களுக்காகவாவது இதைச் செய்ய வேண்டும்.

மாணவர்கள் என்று சும்மா சொல்லவில்லை. ஜனவரியில் அம்மாப்பேட்டையிலிருந்து தறி ஓட்டும் ஒருவர், யாரோ சொல்லி என் கடைக்கு வந்தார். மகன் இன்ஜினியரிங் கடைசி வருடம். ப்ராஜெக்டுக்காக அப்பாவின் கார்டைப் போட்டு ஏஐ நிறுவனம் ஒன்றில் சாவி (அந்த ஏஐயை நம் நிரலிலிருந்து கூப்பிட வைக்கும் ரகசியக் குறியீடு) வாங்கியிருக்கிறான். அந்தச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவிட்டான். யாரோ எடுத்து ஓட்டியிருக்கிறார்கள். ஆறாயிரத்துச் சொச்சம். "இது என்ன கணக்குங்கம்மா? எங்க பையன் ரெண்டு நாளா கம்ப்யூட்டரையே தொடலீங்களே" என்றார். ஸ்டேட்மென்ட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். முதலில் சாவியை ரத்து செய்ய வைத்தேன். அப்புறம் வங்கிச் செயலியைத் திறந்து வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துக் காட்டினேன். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி எல்லா வங்கியும் இந்த வசதியைத் தந்தாக வேண்டும். அணைக்கலாம், திறக்கலாம், இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பும் வைக்கலாம். வெளிநாட்டுத் தளங்கள் பல ஓடிபி கேட்காமலே பணம் எடுப்பதால், இந்த வரம்புதான் நம் கையில் இருக்கும் பூட்டு. அவருக்கு இது தெரியாது. டிசம்பருக்கு முன்பு எனக்கும் தெரியாது.

சேலத்தைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஏஐ வைத்து ப்ராஜெக்ட் செய் என்று சொல்லும் பேராசிரியர்கள், சாவியை எங்கே வைக்க வேண்டும், வரம்பை எங்கே போட வேண்டும் என்பதை முதல் லேப் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். அரை மணி நேரப் பாடம். மாணவர் என்று சரிபார்க்கப்பட்டால் இலவசமாகக் கிடைக்கும் திட்டங்களையும் (2025இல் கிட்ஹப் கோபைலட்டை அப்படித் தந்தது) சேர்த்துச் சொன்னால், பல அப்பாக்களின் கார்டுக்கு வேலையே இருக்காது.

எங்கள் கடையில் இப்போது பட்டறை முறைதான். நீள நோட்டு ஒன்று போட்டிருக்கிறோம். வேலையைத் தொடங்கும் முன் என்ன வேலை, எவ்வளவு ஆகலாம் என்று எழுதுவோம், முடிந்ததும் எவ்வளவு ஆனது என்று பக்கத்தில் எழுதுவோம். "ஜனவரி 12, ஜிஎஸ்டி அறிக்கைப் பக்கம், மதிப்பு 2 டாலர், ஆனது 1.40." "ஜனவரி 19, தராசு, மதிப்பு 1 டாலர், ஆனது 3.10, காரணம்: பழைய பேச்சை மூடாமல் அதிலேயே தொடர்ந்தது." காரணம் எழுதும் அந்தக் கடைசிப் பத்திதான் எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. ஒரு வேலை முடிந்தால் பேச்சை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறோம். ஆள் பக்கத்தில் இல்லாமல் எதையும் ஓட விடுவதில்லை, அப்படியே விட்டாலும் இத்தனை சுற்றுக்கு மேல் வேண்டாம் என்று எண் கொடுக்கிறோம். தராசுக்குப் பதிலாக எடைகள் எழுதிய ஒரு சின்னக் கோப்பைத் தம்பி செய்து வைத்திருக்கிறான், டெஸ்ட் அதைப் படித்துக்கொள்கிறது. நிறுவனத்திடம் எங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவிட்டோம். வரியை ரிவர்ஸ் சார்ஜில் நாங்களே கட்டி உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்கிறோம். பதிவு பெற்ற சின்னக் கடைகள் பல இதைச் செய்யாமல் 18 சதவீதத்தை வீணாக விட்டுக்கொண்டிருக்கின்றன. கார்டில் வெளிநாட்டு வரம்பு 5,000 ரூபாய். ஜனவரியில் கடைக்கு மொத்தம் 4,300 ரூபாய் ஆனது. பதினேழு பட்டறைகளில் ஒன்பதுக்குப் புதிய மென்பொருள் போய்விட்டது.

தம்பி அந்த இரவுக்குப் பிறகு ஒரு வாரம் அசிஸ்டன்டைத் தொடவே இல்லை. வரி வரியாகக் கையால் எழுதிக்கொண்டிருந்தான். நோட்டை அவன் கையில் கொடுத்து, தினமும் வரம்பு எவ்வளவு என்று நீயே எழுது என்று சொன்ன பிறகுதான் திரும்ப ஆரம்பித்தான். இப்போது பொங்கலுக்குச் சேர்ந்த புதுப் பெண்ணுக்கும் அவன்தான் சொல்லிக்கொடுக்கிறான்.

எங்களைப் போல மூன்று பேர், நான்கு பேர் வைத்து மென்பொருள் எழுதும் கடைகள் சேலத்தில் பல இருக்கின்றன. அவர்களில் யாராவது அந்த நோட்டைப் பார்க்க விரும்பினால் வரட்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் கடையில்தான் இருப்பேன். ஞாயிறு விடுமுறை.

இப்படிக்கு,
பட்டறைக் கணக்கு எழுதும் வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.